ஐம்பது வாட் செட்

ஹாம் ரேடியோ பரீட்சையில் முதல் தடவையே தேறியது நான். என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவைதான் தேறினார். ஆனால் பேசுவதற்கு எந்த வயர்லெஸ் செட் வாங்குவது என்று முடிவு செய்தது அவர். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலை. நான் கையடக்க செட் கேட்டேன். ஐந்து வாட்தான், இருந்தாலும் கீழ்வேளூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்று பேசினால் நாகப்பட்டினத்தில் இருக்கிற ஹாம்காரர்கள் காதில் விழும். அவரோ காரில் பொருத்துகிற ஐம்பது வாட் செட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையில் பிடிக்கிறது நம் தெருவைத் தாண்டாது, விளையாட்டுச் சாமான் என்றார். வீட்டில் இருக்கிறவளுக்கு யாரிடம் பேச வேண்டியிருக்கிறது என்று வேறு கேட்டார். காருக்குள் அதைத் திருகாணி போட்டு முடுக்கி, கூரையில் ஆன்டெனா வைத்து, தெருவையே கூட்டிக் காட்டினார்.

அந்தக் கார்த்திகையில் திருக்கடையூரில் அவருடைய அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். எங்களோடு இருந்த என் அப்பாவுக்கு இளைப்பு அதிகமானதால் நான் போகவில்லை. புயல் வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செட்டையாவது கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வயரிங் எல்லாம் கலைந்துவிடும், நாளைக்கே வந்துவிடுவேனே என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புயல் அடித்தது. கரண்ட் போனது, செல்போன் செத்தது, ரோடெல்லாம் மரம். கரண்ட் இல்லாமல் நெபுலைசர் ஓடவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து மூச்சுக்கு அல்லாடினார், உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு வழியும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்தார்கள். டிப்பரில் அப்பாவை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மரங்களை வெட்டி வெட்டி நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி போய்ச்சேர ஆறு மணி நேரம் ஆனது. இத்தனை நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைத் திட்டினார். அப்பா பிழைத்தது அவர் ஆயுசு கெட்டி.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து நின்றார்.

"அம்பது வாட்டு, சும்மா தெளிவா எடுத்துச்சு. காரைக்கால் வரைக்கும் பேசினேன். வீட்டு சேதிதான் ஒண்ணும் தெரியல."

"வீட்ல எதுலங்க பேசுறது?" என்றேன்.

என் அப்பா படுத்திருந்த வார்டுக்குள் அவர் போகவே வெகுநேரம் ஆனது.

அடுத்த மாதமே கையடக்க செட் வந்தது. ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால், காரில் ஒன்று, வீட்டில் ஒன்று, இரண்டும் வேண்டும் என்று இப்போது அவரே பாடம் நடத்துகிறார். யாரிடம் கற்றார் என்று மட்டும் சொல்வதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போது காரிலிருந்து கூப்பிடுவார். செட் அடுப்படியில் என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. மூன்று தடவை கூப்பிடும்வரை எடுக்க மாட்டேன். அந்த மூன்று நாளுக்கு மூன்று தடவை. ஏன் என்று அவரும் இதுவரை கேட்டதில்லை.