தாடிக்காரனுக்குப் போணி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? பினாங்கில் ஒரு கிழவி கொள்ளைக்காரர்களின் கப்பலை ஓட்டினாளாம், அது என்ன கதை என்று உடனே தெரிந்தாக வேண்டும், இல்லையா? அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் முதலில் போய் இறக்கிவிட்டு வாருங்கள். தீய்ந்துபோன பிறகு என்மேல் பழி போடக்கூடாது. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும். பிடிக்காவிட்டால் மூடி வையுங்கள்.

பாசாரில், காலைச் சந்தையில், எனக்கு ஒரு கடை. பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பலகை, ஒரு முக்காலி, அவ்வளவுதான். வாழை இலை, வெற்றிலை, கறிவேப்பிலை விற்கிறேன். இலை தீவின் மறுபக்கம் பாலிக் புலாவிலிருந்து விடிவதற்குள் வேனில் வந்துவிடும். ஒருநாள் மீன்கடைத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். முட்டி வீங்கி மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் என் மகனுக்குப் பெரிய மனிதத்தனம் வந்துவிட்டது. அவன் பாலம் தாண்டிப் பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பகலெல்லாம் ஆட்களை அதட்டிவிட்டு, மிச்சம் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவான்.

"போதும்மா. எழுபத்திரெண்டு வயசாச்சு. மாசக் கடைசில லைசென்ஸத் திருப்பிக் குடுத்துருவோம்."

"யாரு லைசென்ஸ யாருடா குடுக்கறது?"

"நீ விழுந்து கெடந்தப்ப யாரு வந்து தூக்குனா? நான்தானே? அப்ப நான்தான் முடிவு பண்ணுவேன்."

நான் வீட்டில் அடங்கி இருக்கவேண்டும் என்று அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவன் வாங்கிய கையடக்கக் கம்ப்யூட்டர். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். இரண்டு சின்ன பேட்டரி போட்டால் சாம்பல் நிறத்தில் கண் திறக்கும். பல் குத்துகிற குச்சி மாதிரி ஒரு பேனாவால் தொட்டுத் தொட்டு வேலை வாங்கவேண்டும். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இண்டர்நெட்டில் சும்மா கொடுத்தானாம். சும்மா கொடுக்கிறவனை நான் வாழ்க்கையில் நம்பியதில்லை. ஆனால் இவன் இன்றுவரை வந்து எதுவும் கேட்கவில்லை.

விளையாட்டு இதுதான். நமக்கு ஒரு கப்பல். அதன் மூக்கில் பாம்புத்தலை. கப்பலில் இருப்பவர்கள் வைகிங் என்கிற பழைய காலத்துக் குளிர்நாட்டு ஆட்கள். மாட்டுப் பொங்கலுக்குப் புறப்பட்டவர்கள்போல் எல்லோர் தலையிலும் கொம்பு. ஊர் ஊராகப் போய்க் கருவாடு, தேன், இரும்பு, மிருகத்தோல் எல்லாம் வாங்கி விற்கவேண்டும். முப்பது பயணம் முடிந்ததும் யாரிடம் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அவர் ஜெயித்தவர். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வாய் திறக்காது. ஆனால் படம் தெரியும், எண் தெரியும். வியாபாரத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கப்பல் கரையில் நின்றதும் ஒரு தாடிக்காரன் முதலில் வந்து நிற்பான். பாதி விலைக்குக் கேட்பான். வேண்டாம் என்று தொட்டால் போய்விடுவான், அதற்குப் பிறகுதான் சந்தை திறக்கும், அங்கே நல்ல விலை கிடைக்கும். மூலையில் ஒரு கோடாலிப் படமும் உண்டு. அதைத் தொட்டால் ஊரைக் கொள்ளையடிக்கலாம். என் மகன் போகிற இடமெல்லாம் கோடாலியைத்தான் தொட்டான். நான் ஒருமுறைகூடத் தொடவில்லை. நாளைக்கு அந்த ஊருக்கே மறுபடி கருவாடு விற்கப் போகவேண்டாமா?

பத்து நாள் நான் அதைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பந்தயம் கட்டினான்.

"ஆளுக்கு முப்பது ட்ரிப். நீ ஜெயிச்சா கடைக்குப் போ. நான் வாய் தொறக்க மாட்டேன். தோத்தா லைசென்ஸ் பேப்பர்ல கையெழுத்து. சரியா?"

"சரிலா. அழக்கூடாது."

அவன் முதலில் ஆடினான், எரித்தான், பிடுங்கினான், பெரிய தொகை சேர்த்தான். அடுத்து நான். இருபத்தொன்பது பயணம் முடிந்தபோது அவனைத் தாண்டுகிற அளவுக்குச் சரக்கு என் கப்பலில் இருந்தது. முழுவதும் மிருகத்தோல். கடைசி ஊரில் தோலுக்கு நல்ல கிராக்கி என்று எனக்குத் தெரியும். கப்பல் நின்றது. தாடிக்காரன் வந்தான். மொத்தத் தோலையும் பாதி விலைக்குக் கேட்டான்.

நான் கொடுத்துவிட்டேன்.

மகன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான். "அம்மா! உனக்கு என்ன பைத்தியமா? வேணாம்னு தட்டிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தா ஜெயிச்சிருப்ப!"

"மொத ஆளா வந்து கேக்கறான். போணியத் திருப்பி அனுப்பச் சொல்றியா?"

"அது கம்ப்யூட்டர்மா!"

"கம்ப்யூட்டருக்குப் போணி இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்கு."

நாளின் முதல் வாடிக்கை வந்து நின்றால், என்ன விலைக்குக் கேட்டாலும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அனுப்பினால் அன்றைக்கு முழுவதும் கடை ஓடாது. அந்த முப்பது பயணத்திலும் நான் தாடிக்காரனை ஒருதரம்கூட வெறுங்கையோடு விடவில்லை. மற்ற ஊர்களில் அவனுக்குச் சில்லறையாக ஏதாவது தள்ளிவிட முடிந்தது. கடைசியில் மட்டும் கப்பலில் தோலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

தோற்றேன், ஒத்துக்கொண்டேன். கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கடையில் இருந்தேன். ஆமாம், வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீறினேன். இந்த வயதில் ஒரு வாக்கைக்கூட மீறாவிட்டால் பிறகு எப்போது மீறுவது? கம்பை ஊன்றிக்கொண்டு போய், இலைக்கட்டைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, முக்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தவ்ஃபூ என்கிற சோயாக்கட்டி விற்கிற சீன அக்கா, "ஹ, பாலேக்!" என்று கையைத் தட்டினாள். திரும்பி வந்துவிட்டாயே என்று அவளுக்குச் சந்தோஷம்.

முதல் இலை விற்பதற்குள் என் மகன் வந்துவிட்டான். காரை வெளியே விட்டிருந்தான்; கையில் காடிச் சாவி, கழுத்தில் தொழிற்சாலை அட்டை.

"நேத்து என்ன பேசுனோம்?"

"பேசுனோம்."

"தோத்தியா இல்லையா?"

"தோத்தேன்லா. அதுக்கு?"

அவன் பலகையைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், என் மடியில் காலியாகக் கிடந்த காசுப் பையையும் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியும், என்னுடையதேதான்.

"இன்னும் போணி ஆகலபோல. அப்ப நான்தான் மொத ஆளு. இந்தக் கடைய ஒரு வெள்ளிக்குக் கேக்கறேன். குடு."

ஒரு வெள்ளி நோட்டை, எங்கள் பணத்தில் அதுதான் ஆகச் சின்ன நோட்டு, பலகைமேல் வைத்தான். சீன அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் தவ்ஃபூ வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நான் நோட்டை எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முக்காலியைவிட்டு எழுந்தேன்.

"வித்தாச்சு. உக்காருங்க மொதலாளி."

"என்னது?"

"கடை உங்களோடது. கத்தி அங்க இருக்கு. நுனி இலைய மட்டும் கிழிச்சிடாதீங்க, படையலுக்குக் கேப்பாங்க."

எதிரிலிருந்த காப்பிக்கடைக்குப் போய்ச் சூடாக ஒரு தே-ஓ, பால் போடாத டீ, சொல்லி உட்கார்ந்தேன். அவன் கூப்பிடக் கூப்பிட நான் திரும்பவில்லை. ஓர் அம்மா வந்து இலை என்ன விலை என்று கேட்டார். இவன் திருதிருவென்று விழித்தான். அவர் போய்விட்டார். இன்னொருவர் வெற்றிலை கேட்டார், இவன் ஏதோ கீரையை எடுத்து நீட்டினான். அவரும் போய்விட்டார். இவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பாலம் இருக்கிற திசையைப் பார்ப்பதுமாக நின்றான். ஏழு மணிக்கு ஷிப்ட்.

தே-ஓவை நான் ஆற அமரக் குடித்து முடித்தேன். பிறகு கம்பை ஊன்றி நடந்துபோய் அவன் எதிரில் நின்றேன்.

"மொதலாளி, போணி ஆச்சா?"

"வெளையாடாதம்மா, டைம் ஆச்சு. வந்து உக்காரு."

"ஆகல, இல்ல? அப்ப நான்தான் மொத ஆளு." அவன் கொடுத்த அதே நோட்டை நீட்டினேன். "இந்தக் கடைய ஒரு வெள்ளிக்குக் கேக்கறேன்."

அவன் நோட்டைப் பார்த்தான். சின்ன வயதில் இதே பலகைக்கு அடியில் தூங்கி வளர்ந்தவன். முதல் ஆளைத் திருப்பி அனுப்ப அவனுக்கும் கை வராது என்று எனக்குத் தெரியும். நோட்டை வாங்கினான். என்னை முறைத்துக்கொண்டே கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"லைசென்ஸ்?" என்றேன்.

"கடையோடதானே வரும்," என்று முனகிவிட்டுக் காடியை நோக்கி ஓடினான். அடுத்த வாரம் என் காலடியில் போட ஒரு ரப்பர் பாய் வாங்கிக்கொண்டு வந்தான். விரித்துவிட்டுப் போனான்.

எங்கள் ஃபிளாட்டில் விஷயம் என்னைவிட வேகமாக மாடி ஏறிவிட்டது. அவன் முதலாளியாக இருந்த அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவடியில் கூடிவிட்டார்கள். தொழிற்சாலை அட்டை மாட்டிக்கொண்டு உங்கள் மகன் பாசாரில் இலை விற்றாரே, வேலை போய்விட்டதா என்று கேட்டார்கள்.

"வேலையெல்லாம் இருக்கு," என்றேன். "ஆசையா கேட்டானேன்னு கடைய அவன் பேருக்கு விட்டேன். அரை மணி நேரம் தாங்கல. மொதல்ல வந்த கெழவிக்கு ஒரு வெள்ளிக்கு வித்துட்டான். நல்ல பிள்ளதான். ஆனா அவன நம்பி கப்பல் கிப்பல் எதையும் குடுத்துடாதீங்க."