குழந்தை மேல் விழுந்த நிழல்

லுமுட் கடற்கரையில் தாழப் பறந்த ஒரு கடற்காகத்தின் நிழல் என் கைக்குழந்தை மேல் விழுந்தது. மறுநாள் அவன் பால் குடிக்கவில்லை, உடம்பு சுட்டது.

"பட்சி தோஷம்லா. வெள்ளைக்கண்ணுப் பறவைதான் ஆகாது, கறுப்புக்கண்ணுன்னா பயமில்ல," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பறக்கும் பறவையின் கண்ணை யார் பார்த்தது? அக்கா கதை கட்டுகிறாரோ என்று நினைத்தாலும், மாலையில் கரைக்குப் போய் அங்கே உட்கார்ந்திருந்த கடற்காகங்களைப் பார்த்தேன். வெள்ளைக்கண் உள்ளவற்றுக்குக் கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தது. கறுப்புக்கண் உள்ளவற்றுக்கு இல்லை. முந்தின நாள் பார்த்த இறக்கையில் பொட்டு இல்லை என்று முடிவு செய்தேன். பயத்தில் நானே அந்தப் பொட்டை நினைவிலிருந்து அழித்துவிட்டேனோ என்ற சந்தேகமும் உடனே வந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் குழந்தையின் ஈறைத் தடவி, "பல்லு முளைக்குதும்மா," என்றார். நானும் தடவினேன், விரலில் ஏதோ உறுத்தியது. ஆனாலும் அக்கா மந்திரித்துக் கட்டிய கயிற்றை அவன் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.