எல்லாம் நூத்தாச்சோ?

எங்கே புறப்பட்டாலும் காரில் ஏறுமுன் என் மனைவி ஒரு கேள்வி கேட்பாள்: "எல்லாம் நூத்தாச்சோ?" அணைப்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் நூர்ப்பது என்போம். லைட், ஹீட்டர், அடுப்பு, சுவரில் சும்மா கிடக்கும் சுவிட்ச் வரை நூர்க்கிற பொறுப்பு என்னுடையது. சிட்னியில் கிரவீன் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அறை அறையாகப் போய்த் தட்டித் தட்டி நூர்த்துவிட்டு வருவேன். பிறகு காரிலிருந்து திரும்ப இறங்கிப்போய் அடுப்பை மட்டும் இன்னொரு தரம் பார்ப்பேன். பதறாமல் நான் ஓரிடமும் போனது கிடையாது.

இப்படிப்பட்ட ஆளை நம்பித்தான் அவள் பாலைவனம் பார்க்க ஆசைப்பட்டாள். அவள் சமைக்கிற குசினியின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வேலி தெரியும். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து சூரியன் அந்த வேலிக்குப் பின்னால்தான் விழுகிறது. "ஒரு நாளைக்கு, நடுவில ஒண்டும் மறைக்காம, அது நிலத்தில விழுறதைப் பாக்கவேணும்" என்பாள். நகை கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். சூரியனைக் கேட்கிறவளுக்கு என்ன சாக்குச் சொல்வது?

லீவு எடுத்தோம். மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. வாசலில் நின்று வழியனுப்பிய மகள், "அப்பா, ப்ளீஸ், டோன்ட் பானிக்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் எப்போது பதறினேன் என்று கேட்டேன். மகள் தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

கோபார் என்ற ஊர் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அங்கே இரவு தங்கி, தாங்கி நிறையத் தண்ணீர் பிடித்தோம். மறுநாள் பின்னேரம் புரோக்கன் ஹில் நகரைத் தாண்டி வெட்டவெளிக்குப் போய்ச் சூரியன் விழுவதைப் பார்ப்பது, அடுத்த நாள் காலையே திரும்பி ஓடி வாகனத்தை ஒப்படைப்பது என்று திட்டம். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் காலையிலேயே வாகனத்துக்குள் தலைக்குத் தோய்ந்தாள். அரிசி கழுவி ஊறவைத்தாள். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். புறப்பட்டோம்.

மத்தியானம் சமைக்கவென்று வழியில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினேன். ஒரு மேசை, ஒரு குப்பைத் தொட்டி, சிவப்பு மண், கொஞ்சம் பற்றை. மனிதர் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

"இஞ்சாருங்கோ, தண்ணி வரேல்லை."

"என்ன வரேல்லை?"

"பைப்பில தண்ணி வரேல்லை எண்டுறன். இருமுது. பிறகு ஒண்டுமில்லை."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவுக்கு மேலே, தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒன்றுகூட எரியவில்லை. சைபர்.

"காலமை எவ்வளவு தண்ணி ஊத்தித் தோய்ஞ்சனீர்?"

"வெள்ளிக்கிழமை தோயாமல் இருக்கேலுமே?"

"அரிசி எத்தினை தரம் கழுவினனீர்?"

"மூண்டு தரம். வீட்டில கழுவுற மாதிரித்தான்."

"இது வீடில்லை, பாலைவனம்!"

"பாலைவனத்தில அரிசி தன்ர பாட்டில சுத்தமாகுமோ?"

எனக்குப் பகிடி விளங்கும் நிலை இல்லை. குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குவோம் என்று அவள் கடையில் சொன்னபோது, "தாங்கி நிறையத் தண்ணியோட போறவன் போத்தல் வாங்குறதோ?" என்று சிரித்தவன் நான். இப்போது கையில் இருந்தது அவளுடைய கைப்பைக்குள் கிடந்த அரைப் போத்தல் தண்ணீர்.

"திரும்புவம்" என்றேன்.

"முன்னுக்கும் ஊர் இருக்குத்தானே. அங்க சனம் தண்ணி குடிக்கிறேல்லையோ?"

"பின்னுக்கு இருக்கிற ஊரில பைப் இருக்கு. நான் கண்ணால கண்டனான். முன்னுக்கு இருக்கிற ஊரில என்ன இருக்கெண்டு ஆர் கண்டது?"

"அப்ப சூரியன்?"

"உயிரோட இருந்தா எங்கயும் பாக்கலாம்."

"ஓம். வேலிக்குப் பின்னால."

அவள் ஊறிய அரிசியை மூடிவைத்துவிட்டு முன்னிருக்கையில் வந்து இருந்தாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

வரும் வழியில் நான் செய்த காரியங்களை மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. தண்ணீரைப் போத்தல் மூடியில் ஊற்றிக் குடிக்கவேண்டும் என்று சட்டம் போட்டேன். அவளுக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி. எதிரே வந்த நீண்ட லொறிக்கு இரண்டு கையாலும் சைகை காட்டினேன். ஓட்டுநர் மகிழ்ச்சியாகக் கை காட்டிவிட்டுப் போனார். என் மரண அறிவித்தல்கூட மனதுக்குள் தயாராகிவிட்டது: 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், சிட்னி கிரவீனை வதிவிடமாகவும் கொண்டவர் நெடுஞ்சாலையோரம் தாகத்தால் சிவபதமடைந்தார்.' எந்தப் படத்தைப் போடுவார்கள் என்று யோசித்தபோது, மீசை வைத்திருந்த காலத்துப் படத்தைத்தான் போடுவார்கள் என்று கவலை வந்தது.

"மூடியைத் தாங்கோ" என்றாள் மனைவி.

"இப்பத்தானே குடிச்சனீர்?"

அவள் என் கையிலிருந்து போத்தலைப் பறித்து, என்னைப் பார்த்தபடியே மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள்.

கோபார் வந்தது. காலையில் விட்டுப்போன அதே இடத்தில் நிறுத்தி, குழாயை இழுத்துத் தாங்கியின் வாயில் செருகித் திருகினேன். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் குபுகுபுவென்று திரும்பி வெளியே வந்து என் செருப்பை நனைத்தது. எடுத்துத் திரும்பச் செருகினேன். திரும்பவும் வந்தது.

"உள்ளுக்கு அடைச்சுப் போச்சு!" என்று கத்தினேன். "ஏதோ பெரிய அடைப்பு!"

மனைவி வாகனத்துக்குள் போனாள். பிறகு டிக் என்று ஒரு ஓசை. வாகனத்தின் அடிவயிறு க்ர்ர்ர் என்று உறுமியது. மத்தியானம் அவள் திறந்தபடி விட்டிருந்த பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

அவள் வாசலில் வந்து நின்றாள்.

"பம்ப் சுவிட்சை ஆர் நூத்தது?"

வாகனத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் கதவுக்கு மேலே இருந்த பலகையில் நான் ஒவ்வொன்றாகத் தட்டியது ஞாபகம் வந்தது. தாங்கித் தண்ணீரைப் பைப்புக்குத் தள்ளுகிற பம்ப்புக்கும், அளவு காட்டும் விளக்குகளுக்கும் சுவிட்ச் அங்கேதான். தாங்கி நாள் முழுக்கக் கிட்டத்தட்ட நிறைந்தபடியே எங்களோடு பயணம் செய்திருக்கிறது.

"நீர்தானே கேட்டனீர், எல்லாம் நூத்தாச்சோ எண்டு?"

"வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகேக்க கேக்கிற கேள்வியப்பா அது. வீட்டையே கொண்டு போகேக்க ஏன் நூத்தனீங்கள்?"

"அப்ப ஏன் கேட்டனீர்?"

"அது வாயில வாறது."

எனக்கும் அது கையில் வருகிறது.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அவள் மடக்குக் கதிரையை எடுத்துவந்து மேற்கே பார்க்கப் போட்டு இருந்தாள். மேற்கே கழிப்பறைக் கட்டிடம். அதன் பின்னால் மரங்கள். சூரியன் கட்டிடத்தின் கூரைக்குக் கிட்ட வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

"ஏறும்! ஊருக்கு வெளியால போனா வெட்டைதான். பிடிச்சிடலாம்!"

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு எழும்பி ஓடிப்போய் ஏறினாள். ஓடினாள் என்பதைக் கவனித்தேன்.

நான் குழாயைக் கழற்றிச் சுருட்டினேன். கதிரையை மடித்து ஏற்றினேன். படியை உள்ளே தள்ளினேன். கேஸைப் பூட்டினேன். உள்ளே வந்து கதவுக்கு மேலே டிக், டிக், டிக். அடுப்பை இன்னொரு தரம் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் வந்து விழுந்து திறப்பைத் திருகியபோது, கழிப்பறைக் கூரைக்கு மேலே வானம் மட்டும் சிவந்திருந்தது.

"எல்லாம் நூத்தாச்சோ?" என்றாள், முன்னால் பார்த்தபடி.

"ஓம்."

"சூரியனும் நூந்திட்டுது."

எஞ்சினை நிறுத்தினேன். எழும்பிப் பின்னால் போய்ப் பம்ப்பைத் திரும்பப் போட்டேன். அவள் வந்து கேத்திலில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் பிடித்தாள்.

ஒரு கோப்பைக்கு மட்டும்.