அப்பா பெயர் ஒட்டிய சீசா

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். பரிசோதனைக்கூடத்துப் பெண் குப்பியை நீட்டும் ஒவ்வொரு முறையும், அதில் ஒட்டியிருப்பது என் பெயர்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. விக்கிரமசிங்கபுரத்தில் அப்பாவுக்கு நூல் ஆலையில் வேலை. சர்க்கரை நோயும் இருந்தது.

"ஒண்ணுக்குல புரதம் போகுதான்னு பாத்துருவோம், அண்ணாச்சி. இப்பமே தெரிஞ்சா கிட்னியக் காப்பாத்தப் பாக்கலாம். வீங்கின பொறவு வந்தா கஷ்டம்" என்றார் டாக்டர்.

ஒரு வியாழக்கிழமை, ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்புமுன், கழுவிய இருமல் மருந்துச் சீசாவில் பிடித்து, தன் பெயரை எழுதி ஒட்டி, ஒரு துணிப்பையில் வைத்து அப்பா என்னிடம் கொடுத்தார். பரிசோதனைக்கூடம் நான் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்தது.

"ஏட்டி, மெதுவாக் கொண்டு போ. சாய்ச்சிராத."

"பாவநாசத் தீர்த்தம் போகுது, வழி விடுங்கலே!" என்று அண்ணன் தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தான். யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஓடினேன். கால்வாய்ப் பாலத்தில் கல் தடுக்கி விழுந்தேன். சீசா உடையவில்லை. மூடி கழன்று எல்லாம் கொட்டிவிட்டது.

அப்பா ஏசுவார் என்ற பயம் ஒன்றுதான் எனக்கு. சீசாவைக் கால்வாயில் மூன்று முறை கழுவினேன். உடைமரத்துக்குப் பின்னால் போய், அப்பா பிடித்திருந்த அதே அளவுக்கு நானே நிரப்பினேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மணி அடிக்குமுன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முடிவு வந்தது. புரதம் துளியும் இல்லை.

"இன்னும் இருவது வருசத்துக்கு நம்மள அசைக்க முடியாது வே" என்று அப்பா டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். என் தலையைத் தடவி, "எம் மவளுக்குக் கைராசி" என்றார். பெருமையாக இருந்தது.

பிறகு அவர் அந்தப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. டாக்டர் கேட்டால், "அதான் நல்லாருக்குன்னு வந்துட்டே" என்பார். நான் எட்டாம் வகுப்புக்குப் போனபோது அவர் கால் வீங்கியது, முகமும் வீங்கியது. வாரம் இரண்டு முறை, ரத்தம் சுத்தம் செய்யத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார். நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது இறந்துபோனார்.

அன்றைக்கே புரதம் கசிந்திருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லியிருக்கக்கூடியது பாலத்து வெயிலில் காய்ந்துபோயிற்று. அம்மாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

கொட்டியதை மறைத்தது மட்டுமே என் தப்பு என்று அன்று நினைத்திருந்தேன். நிரப்பிக் கொடுத்தது தப்பாகவே தோன்றவில்லை. ஒரே பானைச் சோறு தின்று ஒரே குழாய்த் தண்ணீர் குடிக்கிற வீட்டில், அப்பாவுடையதும் என்னுடையதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.