இடது பாதம், அசல் அளவு

கைகள் இரண்டும் ஒரு பழைய மூக்குக் கண்ணாடியின் ஒற்றை வில்லையைக் கேமராவின் கண்ணில் பொருத்திக்கொண்டிருந்தன. ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற வெள்ளை நாடாவை நகத்தால் கிழித்து, ஓரத்தை நீவி, அடுத்த துண்டு அதன்மேல் பாதி ஏறும்படி ஒட்ட வேண்டும். கண்புரை எடுத்த பெரியவர்கள் ஒரு காலத்தில் போட்டுக்கொண்ட, சோடா பாட்டிலின் அடிபோல் தடித்த வில்லை. அதன் நடுவும் கேமரா வில்லையின் நடுவும் ஒன்றாக நிற்காவிட்டால் படம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கைகள் நாடாவைப் பிரித்தன, மயிரிழை நகர்த்தின, மறுபடி ஒட்டின.

"என்னக்கா, கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள் பக்கத்தில் பால் அளந்துகொண்டிருந்த சின்ன சிஸ்டர்.

"நீ முதல்ல வெளிச்சத்த விட்டு நகரு."

இதே வார்த்தையை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வெளிச்சக்கா என்று பெயர் ஆகிவிட்டது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேற்றுகிற வார்டில் அவள்தான் மூத்த நர்ஸ். கேமரா அவளுடையதல்ல, வார்டுடையது. தேறிப் போன ஒரு குழந்தையின் அப்பா நன்றிக்காக விட்டுப்போனது. அமுக்கினால் வாயிலிருந்து படத்தையே துப்புகிற கேமரா. வெறும் காகிதமாக வந்து, அதில் படம் மெல்லத்தான் தெளியும். மேசை இழுப்பறையில் கிடந்ததை அவள்தான் எடுத்து, படங்களைக் கெடுத்துக் கெடுத்துப் பழகினாள்.

அந்தக் குழந்தைகளின் கண்ணில் பிளாஷ் அடிக்கக் கூடாது. அடிக்காவிட்டால் படம் கருப்பு. எனவே காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் நேராக விழாமல் சுவரில் பட்டுத் திரும்புகிற நேரம் எது என்று பார்த்துவைத்தாள். பெட்டியைச் சக்கரத்தோடு அதற்கு வாட்டமாகத் திருப்பினாள். எதிர்ப்புறம் சலவைத் துப்பட்டியை விரித்துப் பிடித்தால் நிழல் இளகும் என்று கண்டாள். வந்த படத்தை விசிறினால் சீக்கிரம் காயும் என்பது எல்லோரும் நினைக்கிற தப்பு. குளிரில் விட்டால் நீலம் பாரிக்கும். இருட்டாக, கதகதப்பாக, சும்மா விட வேண்டும். பிலிம் டப்பாவைத் தடுப்பூசி பிரிட்ஜில் வைத்து மருந்தாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எத்தனையோ குழந்தைகளை எடுத்திருக்கிறாள். ஒன்றுகூட அவளிடம் இல்லை. அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. அது கீழே கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவுக்குப் போய்விடும், பிறகு குழந்தையோடு வீட்டுக்கும் போய்விடும். கடைத்தெருவில் ஏதாவது ஒரு பிள்ளை அம்மா கையை உதறிவிட்டு ஓடினால் இவள் நின்று பார்ப்பாள். இவனா அவன்? எப்படித் தெரியும்?

தூர தேசத்தில் வேலை பார்க்கும் அவளுடைய சொந்த மகன் தினமும் போனில் முகம் காட்டுகிறான். இளைத்துவிட்டானோ என்று அவளுக்குச் சந்தேகம். கேட்டால், "கேமராவுல அப்படித்தாம்மா தெரியும்" என்பான். போன மாதம் குண்டாகத் தெரிந்தபோதும் அதையேதான் சொன்னான். பேசி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள், இருண்டுபோன போனை.

இன்றைக்கு எடுக்க வேண்டிய படம் தனியறைத் தாய்க்கு.

அறுவையில் குழந்தையை எடுத்த பிறகு அவளுக்குத் தொற்று கண்டுவிட்டது. கீழ்த்தளத்தில் கதவடைத்த அறை. அவள் மேலே வர முடியாது, குழந்தை கீழே போக முடியாது. நடுவில் நடையாய் நடந்துகொண்டிருந்தவன் அவளுடைய கணவன், ஒரு பஸ் டிரைவர். போன் நிறையக் குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. பால் கட்டிக்கொண்டு வலித்தபோதும் எடுக்க விடவில்லை.

நேற்று வெளிச்சக்காவே இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

"ஏம்மா, மெஷின் வச்சு எடுத்தா வலி குறையும்ல?"

"யாருக்கு எடுக்கணும்?"

"உன் பிள்ளைக்குத்தான். மேல இருக்கானே."

"முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் சொன்னாங்க, சிஸ்டர். தூங்குறான் தூங்குறான்னு. ரெண்டு நாள். எனக்கு உடம்பு தாங்காதாம், அதனால அவன் போயிட்டான்னு சொல்லலையாம்."

வெளிச்சக்கா கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே டிரைவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவர் காட்டினாரே, பார்க்கலையா?"

"பார்த்தேன். விரல வச்சு விரிச்சா பெரிசாகுது, சேர்த்தா சின்னதாகுது. குழாயும் பிளாஸ்திரியும்தான் தெரியுது. எது அவன்? அது எந்த ஊர்ப் பிள்ளையோ, யார் கண்டா!"

"சரி. அவன் எவ்வளவு இருக்கானோ, கூட்டாம குறைக்காம அவ்வளவே கொண்டு வரேன். போதுமா?"

அந்தப் பெண் முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பினாள். வெளிச்சக்காவின் கேமராவைப் பற்றி ஆயாக்கள் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"காகிதத்த வெள்ளையாவே கொண்டு வாங்க. என் கண்ணு முன்னால வரட்டும். தயார் பண்ணிக் கொண்டு வந்தீங்கன்னா எனக்கு வேணாம்."

வெளிச்சக்கா நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்த் தடித்த வில்லை கேட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கு, உங்க மாமனாருக்கா?" என்றார். கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போய், வில்லையைத் தற்காலிகமாக ஒட்டி, மருந்துக் குப்பியின் மூடியைப் படமெடுத்து, படத்தின்மேலேயே மூடியை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி எடுத்தால் படத்து மூடி சிறுத்தது, கிட்டே போனால் பருத்தது. எந்தத் தூரத்தில் மூடியும் படமும் ஒன்றையொன்று மறைத்தனவோ, அந்தத் தூரத்துக்கு, நாக்கை அழுத்திப் பார்க்கும் குச்சியை ஒடித்துக்கொண்டாள். ஓர் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. இந்தச் சோதனையிலேயே பிலிம் பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று.

"முகத்தத்தானே எடுக்கணும்?" என்றார் டாக்டரம்மா, பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று.

"முகத்துல எங்க டாக்டர் இடம் இருக்கு? மூக்குல குழாய், கன்னத்துல பிளாஸ்திரி. கையில ஊசி. வலது கால்ல ஆக்சிஜன் பார்க்குற வயரு. இடது கால் ஒண்ணுதான் இன்னும் நம்ம கையில சிக்காம இருக்கு."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, சொல்லாமலே வெளிச்சத்தை விட்டு விலகி நின்றார். சின்ன சிஸ்டர் துப்பட்டியை விரித்துப் பிடித்தாள். பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து, மடித்த போர்வைகளின்மேல் கேமராவை இருத்தி, சுத்தம் செய்த குச்சியால் குதிகாலுக்குத் தூரம் பார்த்து, வெளிச்சக்கா மூச்சைப் பிடித்து அமுக்கினாள்.

அதே நொடியில் அவன் உதைத்தான்.

"பஸ் டிரைவர் பிள்ளைல்ல, ஆக்சிலேட்டர மிதிக்குறான்" என்றாள் சின்ன சிஸ்டர். அந்தப் படத்தில் பாதம் புகையாக வந்தது. அடுத்ததும் புகைதான். கேமராவுக்குள் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது.

"போன்ல எடுத்து அளவு பார்த்துப் பிரிண்ட் போட்டுக்கலாமேக்கா?"

"அது தயார் பண்ணினது. அவ வேணாங்குறா."

பால் இறங்கி அவன் கண் செருகும்வரை காத்திருந்தார்கள். சுவரில் வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு முதுகு வலித்தது. கடைசியில் அந்தக் கால் தளர்ந்து, விரல்கள் விரிந்து, அப்படியே நின்றது. அமுக்கினாள். படம் வெளியே வந்த மறுகணம் அதைச் சட்டைப் பையின் இருட்டுக்குள் கவிழ்த்து, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அசைந்தானா இல்லையா? அவளுக்கே தெரியாது. எடுத்துப் பார்க்கவும் முடியாது. இதுவும் புகையானால் அந்தப் பெண் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். அப்புறம் யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள்.

லிப்ட் வரவில்லை. படிக்கட்டில் இறங்கினாள். வழியில் டிரைவர் ஒட்டிக்கொண்டான்.

"நல்லா வந்திருக்கா சிஸ்டர்? ஒரு தடவ காட்டுங்களேன்."

"இன்னும் வரவேயில்லப்பா. உங்க வீட்டம்மாதான் முதல்ல பார்க்கணும். பின்னால வா, முன்னால வராதே."

தனியறை வாசலில் மேலங்கி, முகமூடி, கையுறை. ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு மறுகையால் முடிச்சுப் போட முடியுமா? "திரும்புங்க சிஸ்டர்" என்று டிரைவர்தான் முதுகுக் கயிறுகளைக் கட்டிவிட்டான். கட்டு இரண்டு தடவை நழுவியது.

உள்ளே போய்ப் படத்தை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கினாள். வெளிறிய நீலம், அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. வேறொன்றும் இல்லை.

"ஒண்ணுமில்லையே."

"வெள்ளையாத்தானே கேட்டே? வச்சிரு. ஆட்டாதே."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. நீலத்துக்குள் ஓர் ஓரம் பழுத்தது. குதிகால். அதிலிருந்து ஒரு கோடு மெல்ல மேலே ஏறியது. கோடு கோடாகவே இருந்தது, புகையாகவில்லை. வெளிச்சக்கா முகமூடிக்குள் மூச்சு விட்டாள். உள்ளங்காலின் சுருக்கங்கள் வந்தன. பெருவிரல் வந்தது. மற்ற விரல்கள் அரிசி அரிசியாக வந்தன.

அந்தப் பெண் தன் சுண்டுவிரலைப் படத்தின்மேல் நீளவாக்கில் வைத்தாள். குதிகாலிலிருந்து விரல் நுனிவரை அதே நீளம்தான் இருந்தது.

"இவ்வளவுதானா இருக்கான்?"

"இவ்வளவு இருக்கான்."

அவள் விரலை எடுக்கவில்லை. நிறம் ஏற ஏறக் குனிந்துகொண்டே போனாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து தன் இடது காலை வெளியே நீட்டினாள். அதில் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது. படத்திலும் ஏறிப் படுத்திருந்தது. மணிக்கணக்கில் குனிந்து தூரம் பார்த்த வெளிச்சக்காவின் கண்ணில் அது படவேயில்லை.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றாள் அந்தப் பெண், கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற புருஷனைப் பார்த்து. அவனுக்குக் கேட்டிருக்காது. "செருப்பு வாங்கப் போனா ஒண்ணும் சேராது. இவனுக்கும் சேராது."

காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "பால் எடுக்குற அந்த மெஷினக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

படத்தில் சிவப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை. வெளிச்சக்கா பழக்கத்தில், படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினாள்.

அவள் தரவில்லை.