சோதனைக்காரி

சாப்பாட்டு டப்பாவை வாங்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்கு. மூடியைத் திறந்து ஒரு மோப்பம். அப்புறம், "கையைத் தூக்கு."

தையல் தொழிற்சாலையின் பின்வாசலில், ஷிப்டு முடிந்து வெளியேறும் பெண்களை அவள் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள். நூல்கண்டு, ஜிப்பு, இடுப்பில் சொருகிய சங்கத் துண்டறிக்கை, எதுவும் தப்பாது. முதலாளியின் ஆள்தான், மறைக்க என்ன இருக்கிறது. பெண்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே.

ஆனால் ஒன்று. கட்டியவனுக்கே இன்னும் சொல்லாத கர்ப்பம்கூட அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் மேலே சொல்லமாட்டாள். சொன்னால் மறுநாளே அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. "மேல தெரிஞ்சுதுன்னா எவன்டி சும்மா வெச்சிருப்பான்? போ, போ. லூசா தைச்சுப் போட்டுக்க."

இப்போது, நாற்பதை நெருங்கும்போது, அவளே உண்டாகியிருக்கிறாள். இதுதான் முதல். வயதைப் பார்த்து டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னார். குழந்தைக்குப் பிறவிக் குறை இருக்குமோ என்று பார்க்க.

"பாத்தா உறுதியா தெரிஞ்சுடுமா?"

"இல்லம்மா. சந்தேகம் இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். உறுதிக்கு வேற டெஸ்ட்டு. வேண்டாம்னாலும் சரி, உங்க இஷ்டம்."

"சந்தேகத்துக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? அது எங்கிட்டயே மூட்டை மூட்டையா இருக்கு."

அந்த 'இஷ்டம்'தான் உறுத்தியது. அவளிடம் இஷ்டம் கேட்டவர்கள் யாரும் சும்மா கேட்டதில்லை. டாக்டரம்மா அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே ஒரு கதவுகூட இல்லாததை, டெஸ்ட்டுக் காசும் இவங்களுக்குத்தானோ என்று முறைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "பாத்துடு. ஏதாவதுன்னா இப்பவே முடிச்சுடலாம்."

"யாரு முடிக்கிறது? உன் வயித்துலயா இருக்கு?"

"சும்மா சொன்னேன்டி."

"சும்மா சொல்ற மூஞ்சி இல்ல இது."

அன்றிலிருந்து அவன் போனில் குரலைத் தாழ்த்தினால், இவள் காய் நறுக்குவது நின்றுவிடும்.

பார்க்காமல் விடவும் கை வரவில்லை. மூடிய டப்பாவை மூடியபடியே அனுப்பிப் பழக்கமில்லாதவள்.

ஒரு காலை தனியாகப் போய் நின்றாள். "எடுத்துக்கங்க. ரிசல்ட்டு என் கையில மட்டும்தான். வீட்டுக்காரர் கேட்டாலும், அவங்கம்மா வந்து அழுதாலும், இன்னும் வரலைன்னு சொல்லணும்." டாக்டரம்மாவைத் திருப்பிச் சொல்லவைத்தாள்.

"சரிம்மா. ஏதாச்சும் இருந்துச்சுன்னா?"

"இருக்கட்டும். நான் மேல சொல்லப்போறதில்ல."

ரத்தம் எடுக்கும் நர்சு ஊசியைப் பிரித்துக்கொண்டே, "கையக் காட்டுங்கக்கா" என்றாள். இவள் உட்காரவில்லை. நர்சைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தாள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள்.