இரண்டு டக்கு வைத்த பாவாடை

செங்கம் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் சரசுவிடம் துணி தைக்கக் கொடுத்த எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். சொன்ன தேதிக்கு அவள் ரவிக்கை கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் பெண் குழந்தைகளின் பாவாடை என்றால் முந்தின நாளே தயாராகிவிடும். அதிலும் கீழே துணியை மடித்து இரண்டு டக்கு பிடித்துத்தான் தைப்பாள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று வருஷத்துக்கு வரும்.

அவளும் கணவன் சகாதேவனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய முதல் வீடு அது. இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. கிணற்றடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். எழுபத்து மூன்றில் குடி வந்தார்கள். எழுபத்தாறு தை மாதம் ஒரே மகள் சந்திரகலா, ஏழு வயதில், மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

கன்னியாகச் செத்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பூவாடை என்று அவளையே சாமியாகக் கும்பிடுவார்கள். ஆடிக்கு ஆடி புதுத்துணி எடுத்து மூங்கில் பெட்டியில் வைத்து மூடினால், அடுத்த ஆடியில்தான் திறப்பார்கள். முதல் வருஷம் சரசு கைப்பழக்கத்தில் அந்தப் பாவாடைக்கும் இரண்டு டக்கு வைத்துவிட்டாள். செத்த பிள்ளைக்கு டக்கு எதற்கு? பெட்டியை மூடிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அன்றைக்கு முழுக்க அழுதாள்.

மறு ஆடியில் பெட்டியைத் திறந்தால், ஒரு டக்கு பிரிந்திருந்தது. எலி கடிக்கவில்லை, நூல் இற்றுப்போகவும் இல்லை. ஊசி முனையால் தையல் தையலாக நெம்பி எடுத்திருந்தது. எடுத்த நூல் சின்ன உருண்டையாகப் பெட்டி மூலையில் கிடந்தது. சரசுவுக்கு உடம்பு சில்லிட்டது. அப்புறம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

“நூலு மட்டம்டி. வேற ஒண்ணுமில்ல,” என்றான் சகாதேவன்.

நல்ல நூல் வாங்கி இரட்டைத் தையல் போட்டாள். அதுவும் பிரிந்தது. பிரிந்த நீளத்தையே அளவாக வைத்து அடுத்த பாவாடையைத் தைத்தாள். இப்படியே ஏழு வருஷம். எண்பத்து மூன்று ஆடியில் பெட்டியிலிருந்து எடுத்த பாவாடையைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கணுக்காலுக்கு நாலு விரல்தான் குறைந்தது. மத்தியானத்தில் தனியாக மிஷினை மிதிக்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது தெரியும். திரும்ப மாட்டாள். திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம்.

அந்த வருஷம்தான் சகாதேவன் வேலை பார்த்த ரைஸ் மில்லை மூடிவிட்டார்கள்.

“பெங்களூர்ல தம்பி மூர்த்தி பிட்டர் வேல சொல்லி வெச்சிருக்கான். வூட்ட வித்துட்டுப் போயிடலாம்.”

“அவ வரலன்னா நான் வரமாட்டேன்.”

“சரி, பூ கட்டிக் கேட்டுடலாம்.”

புதுப் பாவாடையைப் பெட்டியில் வைத்த அன்றே கேட்டார்கள். கிணற்றடியில் பம்பைக்காரர் பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சகாதேவன்தான் இலையில் மடித்துக் கட்டிப் பெட்டிக்கு முன்னால் போட்டான். வெள்ளை வந்தால் கூட வருகிறாள், சிவப்பு வந்தால் மாட்டாள். சரசு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை! பெட்டியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆவணியில் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி முருகையன் வீட்டைக் கிரயம் செய்துகொண்டார். அவர் மனைவி தங்கம்மாளிடம் சாவியைக் கொடுத்தபோது, பொன்னி என்ற அவர்களுடைய ஏழு வயது மகள் அதற்குள் கிணற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். செத்த மகளைப் பற்றிச் சரசு அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. பெங்களூர் பஸ்ஸில் வழி நெடுக பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

பெங்களூரில் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. புது ஊர், பிள்ளைக்குக் கூச்சம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த ஆடியில் பெட்டியைத் திறந்தாள். இரண்டு டக்கும் வைத்தது வைத்தபடி இருந்தன. புதுத்துணியின் கஞ்சி வாசனைகூடப் போகவில்லை.

சகாதேவன் சாப்பிட உட்கார்ந்தவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான்டி கட்டினேன். நீ வராம நான் எப்படி…”

சரசு மறுநாள் முதல் பஸ்ஸில் பெட்டியோடு ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்த தங்கம்மாளின் முகம் மலர்ந்தது. “வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்க டைலராச்சே. எங்க பொன்னி பாவாடைல டக்கு நிக்கவே மாட்டேங்குது. நானும் நாலு வாட்டி தெச்சிட்டேன். காலைல பாத்தா பிரிஞ்சி கெடக்குது. நூலு மட்டும் உருண்டையா மூலைல கெடக்குது.”

சரசு பெட்டியை வாசலில் இறக்கி வைத்தாள்.

“நான் பிரிக்கலம்மா,” என்றாள் உள்ளேயிருந்து வந்த பொன்னி. “அந்தக்காதான் பிரிக்கறாங்க. கட்டிக் கட்டிப் பாக்கறாங்க, அவங்களுக்கு எட்டவே மாட்டேங்குது. பாவம், அவங்களுக்கு இந்த வருஷம் துணி இல்லியாம்.”

“எந்த அக்காடி?” தங்கம்மாள் சிரித்தபடிதான் கேட்டாள். சரசுவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

துணி இல்லாமல் ஒரு வருஷம் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் பெற்றவள். வாசலிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். கத்தரிக்கோல் முனையால் ஒரு டக்கைத் தையல் தையலாகப் பிரித்தாள். பாவாடையை மடித்துத் தங்கம்மாளிடம் நீட்டினாள்.

“இத உள்ளாற ஒரு மூலைல வெச்சுடுங்கம்மா.”

“யாருக்குக்கா?”

“எம் பொண்ணுக்கு. பதினஞ்சி வயசாவுது.”